வேப்பிலைக்குக் கீழே

கனகசூரியத்துக்குக் கூட்டம் நடத்தத் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். வெள்ளம் வந்தபோது அரிசி பங்கிட்டவர், முகாம்களுக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் அனுப்பியவர். பென்ஷன் எடுத்த பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், தாய் சேய் நலத் திட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளராக வந்து சேர்ந்தார்.

அவரை அனுப்பியவர்கள் ஒன்றைத்தான் சொன்னார்கள். "டொக்டர் சுகிர்தாவிட்டப் போய்ப் பழகுங்கோ. அந்தக் களப்பிலை இரண்டு பக்கமும் மறிக்காமல் விடுற ஒரே ஆள் அவதான்."

டொக்டர் சுகிர்தா அவருடைய கடைசித் தங்கையை விடவும் இளையவர். அப்படியொருவரைக் குருவாக ஏற்பதற்கு அவருக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் வந்த அன்றே, துறையடியில் துவக்கோடு காவலிருந்த படைக்காரன் டொக்டருக்கு எழுந்து வழிவிட்டதைக் கண்டார். வெட்கத்தை விட்டுவிட்டுக் கேட்டார்.

"டொக்டர், இந்தக் கரையும் உங்களை விடுது, அந்தக் கரையும் விடுது. என்ன சொல்லிச் சம்மதிக்க வைக்கிறியள்?"

"ஒண்டும் சொல்லுறதில்லை, ஐயா."

"அப்ப எப்பிடி?"

"ஒருநாளைக்குத் தோணியிலை வாங்கோ."

களப்பு என்கிற அந்த உப்பு ஏரியின் இந்தக் கரை ஒரு படையிடம் இருந்தது. களப்பின் நடுவே கிடக்கிற பூவரசந்திட்டு மற்றப் படையிடம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் மீனும் சனமும் மாட்டிக்கொண்டிருந்தன. அந்த மாதம் திட்டுக்குச் சின்னமுத்து, அதுதான் தட்டம்மை, வந்துவிட்டது. மேலெல்லாம் சிவந்து, கண் பீளை தள்ளி, பிள்ளைகள் வரிசையாகப் படுத்தன. ஒரு பிள்ளை போயும் விட்டது.

நோய் தொடாத பிள்ளைகளுக்கு உடனே தடுப்பூசி போடவேண்டும். மருந்து பட்டணத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து இறங்கியது. ஐஸ் மறுநாள் வரைக்கும்தான் தாங்கும். தோணி போகிற விதத்தை உதவி நிறுவனக்காரரோடு கூடிப் பேசவேண்டியிருந்தது.

"கூட்டத்தை என்னட்ட விடுங்கோ, டொக்டர்" என்றார் கனகசூரியம். இது அவருடைய துறை அல்லவா.

மேசை போட்டார். பெயர்ப்பலகை வைத்தார். எல்லாருக்கும் ரோல்ஸும் பிளேன் ரீயும் வந்தன. உதவி நிறுவனக்காரர் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைப் பற்றி எவருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. தோணியில் என்ன கொடி கட்டுவது என்பதில்தான் கொளுவல் வந்தது.

கொடி இல்லாமல் போனால் சுடுவான். எங்கள் கொடியைக் கட்டு என்று ஒருவர் சொன்னால், உங்கள் கொடியை அந்தக் கரைக்காரனுக்குக் கண்ணிலே காட்டக்கூடாது என்று இன்னொருவர் எழும்பினார். வெறும் வெள்ளைத்துணியைக் கட்டுவோமே என்றார் கனகசூரியம். மேசையைச் சுற்றி எல்லாரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"உங்களுக்குத் தெரியாதே, ஐயா? போன மாரியிலை ஆரோ வெள்ளைக்கொடியைக் கட்டிக்கொண்டு துவக்குக் கடத்திப் போட்டாங்கள். இப்ப வெள்ளையைக் கண்டால்தான் முதல் வெடி."

மத்தியானம் ஆனது. ரோல்ஸ் முடிந்தது. முடிவு வரவில்லை. கனகசூரியம் வேர்த்து விறுவிறுத்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனார். டொக்டர் ஒரு குழந்தையைத் தராசுத் தொட்டிலில் வைத்து நிறை பார்த்துக்கொண்டிருந்தார். அது வீரிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"கொடி முடிவாகேல்லை, டொக்டர். ஐஸ் கரையுது."

"கொடி வேண்டாம். விடியக் காலமை வாங்கோ. செருப்புப் போடாமல் வாங்கோ."

காலையில் அவர் வந்தபோது டொக்டர் ஆஸ்பத்திரி முற்றத்து வேம்பில் கொப்பு ஒடித்துக்கொண்டு நின்றார். அவரும் வெறுங்காலோடுதான் நின்றார். கனகசூரியத்துக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன டொக்டர், படிச்ச நீங்களுமோ?"

"சின்னமுத்து வந்த வீட்டு வாசலிலை என்ன கட்டுவினம், ஐயா?"

"வேப்பிலை."

"நாங்கள் எங்கை போறம்?"

"சின்னமுத்து வந்த இடத்துக்கு."

"அப்ப இந்தக் கொப்பைப் பிடியுங்கோ."

பிடித்தார். இரண்டு பேருமாகத் தோணியின் முன்னணியத்தில், மூக்குப் பக்கமாக, தழை தழையாகக் கட்டினார்கள். கட்டக் கட்டத்தான் கனகசூரியத்துக்கு மூளையில் பொறி தட்டியது. அடடா! வேப்பிலை கட்டின வாசலை மிதித்துக்கொண்டு எவன் உள்ளே போவான்? இந்தக் கரைக்காரன் பேசுவது வேறு பாஷை. ஆனால் அவனுடைய ஊரிலும் அம்மை கண்டால் இதே இலையைத்தான் தொங்கவிடுவார்கள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எட்டத்தான் நிற்பார்கள். துவக்குக்காரன் ஆனாலும் அவனும் ஒருத்தி வளர்த்த பிள்ளைதானே.

கச்சேரி மூளை சும்மா இருக்குமா? அது அதோடு நிற்கவில்லை.

பூவரசந்திட்டுக் கிளினிக்கில் மண்ணெண்ணெயில் ஓடுகிற பிரிஜ் ஒன்று இருந்தது. திட்டுக்கு எரிபொருள் கொண்டுபோகத் தடை வந்த நாளிலிருந்து அது செத்துக் கிடந்தது. அது ஓடினால் மருந்தை அங்கேயே வைக்கலாம். ஒவ்வொரு முறையும் ஐஸைத் தூக்கிக்கொண்டும் ஆட்களைக் கெஞ்சிக்கொண்டும் திரியத் தேவையில்லை. தோணியில் இவ்வளவு இலை கிடக்கிறது. இலைக்குக் கீழே ஒரு கேன் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? தனக்கா கொண்டுபோகிறார்? பிள்ளைகளுக்குத்தானே.

டொக்டர் ஐஸ் பெட்டியை எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, ஜெனரேட்டர் அறையிலிருந்து ஒரு மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கி வந்தார். தழைகளுக்குக் கீழே செருகினார். தோணிக்காரன் மரியநேசன் அதைக் கண்டான். கண்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டொக்டர் வந்து ஏறினார். ஐஸ் பெட்டியை மடியோடு வைத்துக்கொண்டார். பிறகு மூக்கைச் சுளித்தார்.

"மரியநேசன், எஞ்சின் பூட்டியிருக்கோ?"

"இல்லை டொக்டர். சவள்தான் வலிக்கப்போறன்." மரியநேசன் துடுப்பைத் தூக்கிக் காட்டினான்.

டொக்டர் குனிந்து தழையை விலக்கினார். கேனைப் பார்த்தார். கனகசூரியத்தைப் பார்க்கவில்லை.

"நிறைஞ்சிருக்கோ, ஐயா?"

"ஓம்."

"நல்ல பாரம்தான்."

சொல்லிக்கொண்டே கேனைத் தூக்கினார், முழங்கால் தண்ணீரில் இறங்கினார். ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் காவலரணைப் பார்த்து நடந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று கனகசூரியம் தலையில் கையை வைத்தார். தடை செய்த சாமானோடு பிடிபட்டால் தோணியும் போகாது, மருந்தும் போகாது.

காவலரணில் ஒரு நடுவயதுக்காரன் நின்றான். பால்மா டின்னைக்கூடக் கம்பியால் குத்திப் பார்க்கிறவன் என்று பெயரெடுத்தவன். டொக்டர் கேனை அவனுக்கு முன்னால் மணலில் வைத்தார்.

"இது என்ன?"

"மண்ணெண்ணெய். திட்டிலை ஊசிமருந்து வைக்கிற பிரிஜுக்கு."

"மண்ணெண்ணெய் விட ஏலாது, டொக்டர். தெரியும்தானே?"

"தெரியும். அதுதான் கேட்டு வந்தனான். உங்கட பெரியவரிட்டச் சொல்லுங்கோ. அவர் ஓம் எண்டு சொல்லும்வரைக்கும் இது இஞ்சையே நிக்கட்டும்."

அவன் கேனையும் பார்த்தான், டொக்டரையும் பார்த்தான்.

"தோணியில வேற என்ன?"

"ஊசி. ஐஸ். நாங்கள்."

அவன் கம்பியை எடுத்துக்கொண்டு தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்தான். முன்னணியத்தில் வேப்பிலையைக் கண்டதும் நின்றான். கம்பியைக் கீழே இறக்கினான். காலிலிருந்த பூட்ஸைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னுக்குப் போனான்.

"எங்கட ஊரிலயும் இப்பிடித்தான்" என்றான். "போங்க, போங்க."

தோணி நடுக்களப்புக்கு வந்த பிறகுதான் கனகசூரியத்துக்கு மூச்சு வந்தது. மூச்சோடு சேர்ந்து கோபமும் வந்தது.

"டொக்டர், நான் செய்தது பிழையெண்டால் எனக்குச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு முன்னாலை கொண்டுபோய் வைக்கவேணுமே? அது என்ன, என்ர வீட்டு அடுப்புக்கே கொண்டு வந்தனான்?"

"ஐஸ் பெட்டியிலை வெயில் படுது, ஐயா. குடையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடியுங்கோ."

பிடித்திருந்த குடையைச் சாய்த்தார். வேறென்ன செய்ய?

திட்டின் முனையில் மற்றப் படைக்காரர் நின்றார்கள். தூரத்தில் நீட்டிய துவக்கு, தழையைக் கண்டதும் தாழ்ந்தது. கரையில் வீட்டுக்கு வீடு வேப்பிலை தொங்கியது. அம்மன் வந்திருக்கிற நேரத்தில் ஊசியா என்று போன கிழமை கதவைச் சாத்திய தாய்மார், இன்று தோணியையும் டொக்டரின் வெறுங்காலையும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மத்தியானத்துக்குள் கிளினிக் நிறைந்து வழிந்தது. பிள்ளைகள் கத்தின கத்தலில் காகங்கள் எழும்பின. கனகசூரியம் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுத்தார், மூக்குச் சளி துடைத்தார், ஒன்று அவருடைய வேட்டியிலேயே ஒன்றுக்கிருந்தது. மனுஷன் அசரவில்லை.

வேலை முடிந்தபோது கொஞ்சம் மருந்து மிஞ்சியது. திட்டின் மறுகோடியிலிருந்து சிலர் வந்து சேரவில்லை. கிளினிக்கின் மருத்துவமாது, எல்லாரும் மிஸி என்று கூப்பிடுகிற மனுஷி, பிரிஜைத் திறந்து காட்டினார். உள்ளே குழந்தைத் துணிகள் மடித்து வைத்திருந்தன.

"இது ஓடினால் மிச்சத்தை வைச்சு நாளைக்குப் போடுவன், டொக்டர். இனி எறியத்தானே வேணும்."

"எறியத்தான் வேணும், மிஸி. அடுத்த கிழமை திரும்ப வாறம்."

கனகசூரியம் பிரிஜின் கதவைத் தானே சாத்தினார். ஒரே ஒரு கேன். வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று வெளியே போய் நின்றார்.

வெளியே யோகமலர் என்ற பிள்ளைத்தாச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்துகொண்டிருந்தார்கள். நிறைமாதம். முகமும் காலும் வீங்கியிருந்தன. தலை பிளக்குது, கண்ணுக்குள் மின்னுது என்றாள். டொக்டர் பிரஷர் பார்த்தார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை, ஆனால் கருவியைச் சுருட்டிய வேகத்தில் கனகசூரியத்துக்கு விளங்கியது.

"இப்பவே பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு. வலிப்பு வந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை."

யோகமலரின் மாமியார் டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்தத் துறையிலை பிள்ளைத்தாச்சியைத்தானம்மா கூடச் சந்தேகப்படுறாங்கள். வயித்துக்குள்ளை என்ன கட்டியிருக்கிறாய் எண்டு பொழுதுபடும்வரை வெயிலிலை வைச்சுச் சோதிப்பாங்கள். இவள் தாங்குவாளே?"

"வாருங்கோ அம்மா. ஏறுங்கோ."

மரியநேசன் ஒரு நாளும் அப்படிச் சவள் வலித்ததில்லை. யோகமலர் தழைகளுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிச் சரிந்து கிடந்தாள். கனகசூரியம் குடையை அவளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார். கேன் ஞாபகமே அவருக்கு வரவில்லை.

துறையில் அதே ஆள்தான் நின்றான்.

"யார் இது?"

"பிள்ளைத்தாச்சி. பிரஷர் கூடிப்போச்சு. உடனே போகவேணும்."

அவன் அவளுடைய வயிற்றைப் பார்த்தான். அதன்மேல் போர்த்தியிருந்த சீலையைப் பார்த்தான். அவன் திரும்பிக் காவலரணைப் பார்த்தான். காலையில் வெயிலில் வைத்த கேன், இப்போது மண்மூட்டை நிழலில் நின்றது. யாரோ நகர்த்தி வைத்திருந்தார்கள்.

அவன் டொக்டரின் முகத்தைப் பார்த்தான்.

"இது வயிறு மட்டும்தானே, டொக்டர்?"

"ஓம்."

அவ்வளவுதான். அவன் சீலையைத் தொடவில்லை. ரோட்டைப் பார்த்துத் தன் பாஷையில் சத்தம் போட்டான். தடைமரம் உயர்ந்தது, ஆஸ்பத்திரி வான் துறையடி வரைக்கும் வந்தது.

வானுக்குள் டொக்டர் யோகமலரின் கையில் ஊசி ஏற்றினார். "பயப்படாதை பிள்ளை, நேரத்துக்கு வந்திட்டம்" என்றார். சொன்னபடியே அவளுடைய மூச்சு மெல்ல மெல்லச் சீராகி வந்தது. எதிர்ச் சீட்டில் இருந்த கனகசூரியம் இப்போதுதான் குடையை மடக்கி வைத்தார். மடக்கியதும் அவருக்குப் பழைய கச்சேரிக் கணக்கு திரும்பி வந்தது.

"டொக்டர், ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ, ஐயா."

"அவன் காலமை இலையைத் தூக்கிப் பார்க்கேல்லை. இப்பவும் சீலையைத் தூக்கிப் பார்க்கேல்லை."

"ஓம்."

"அந்தக் கேனைக் கொண்டு போயிருந்தாலும் அவன் கண்டிருக்க மாட்டான்."

"கண்டிருக்க மாட்டான்."

"பிறகேன் அதை இறக்கினீங்கள்?"

டொக்டர் சேலைன் போத்தலைக் கொளுவியில் மாட்டினார். சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவன் பார்க்க மாட்டான் எண்டபடியாலைதான், ஐயா."