மயிலிழை கட்டிய கூடு

கிணற்றோரப் பனைமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. அவற்றிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி கூட்டைப் பாதி பின்னி நிறுத்தும். பெண் குருவி வந்து கூட்டின் நார்களை அலகால் பிடித்து இழுத்துப் பார்க்கும். தாங்கினால் குடிவரும். பிய்ந்தால் பறந்துவிடும்.

ஆண் குருவிகளுக்கு இது பெரிய மனக்குறை. "நாள் முழுக்கப் பின்னுறோம். ஒரே இழுப்புல மானம் போகுது!" என்று புலம்பின. எல்லாம் சேர்ந்து ஆலமரப் பொந்தில் வாழும் ஆந்தையிடம் போயின.

"ஐயா, நீங்க எல்லாம் தெரிஞ்சவரு! எங்களுக்கு ஒரு தேர்வு வைங்க. தேறினவங்களுக்கு ஒரு அடையாளம் குடுங்க!"

ஆந்தை பாவம், நல்ல எண்ணத்தோடுதான் ஒப்புக்கொண்டது. எந்தப் புல் நல்லது, வாசல் எந்தப் பக்கம், எந்த இடத்தில் எந்த முடிச்சு என்றெல்லாம் பொந்தில் உட்கார்ந்தபடியே கேட்டது. பொன்தலையன் என்ற இளம் குருவி அத்தனையும் கரைத்துக் குடித்திருந்தது. கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னது. தேறிய மற்றக் குருவிகளைப் போலவே, அடையாளமாக ஒரு மயிலிறகு இழையை வாங்கிக்கொண்டு திரும்பியது.

பெருமையில் அதற்குத் தலைகால் புரியவில்லை. தன் முதல் கூட்டைப் பின்னி, இழையை வாசலில் கட்டியது. ஆனால் ஒன்று மனத்தை உறுத்தியது. கூட்டை ஓலையோடு பிணைக்கும் மேல்முடிச்சு, காற்றடிக்கும்போதெல்லாம் லேசாக நழுவியது. அதைச் சுற்றும் முறை வாயில் தடையில்லாமல் வரும். அலகுக்குத்தான் இன்னும் வரவில்லை.

அப்போது தவிட்டி என்ற பெண் குருவி வந்தது. இழையைக் கண்டதும் துள்ளிக் குதித்தது.

"ஆந்தை குடுத்த இழையா! அப்பாடா! போன மழைக்கு என் கூடு அறுந்து, முட்டையெல்லாம் இந்தக் கிணத்துக்குள்ள போச்சு. இனி எனக்குப் பயமில்ல!"

"இழுத்துப் பார்க்கலையா?"

"எதுக்கு? அதான் ஆந்தையே பார்த்துட்டாரே!"

பொன்தலையன் மேல்முடிச்சை அண்ணாந்து பார்த்தது. ஆந்தை இந்தக் கூட்டைப் பார்த்ததே இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் தவிட்டி குடிவந்துவிடும். ஊரே பாராட்டும். ஆனால் கீழே கிணறு தெரிந்தது.

"தவிட்டி, இழுத்துப் பாரு!"

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

"பாரு! கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொன்னது நிஜம். ஆனா ஆந்தை சோதிச்சது என் வாயை. என் கூட்டை இல்ல!"

தவிட்டி தயங்கித் தயங்கி நாரை இழுத்தது. முடிச்சு நழுவியது. கூடு, மயிலிழையோடு சேர்ந்து கிணற்றில் விழுந்தது.

பக்கத்து ஓலைக் குருவிகள் கொல்லென்று சிரித்தன. பொன்தலையனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வழக்கப்படி தவிட்டி பறந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"பச்சைப் புல்லு கொண்டு வா. நீ படிச்சது ஒண்ணும் வீணில்ல. எந்த முடிச்சுன்னு உனக்குத் தெரியுது. கட்டு, நான் இழுக்கிறேன். பிஞ்சா மறுபடி கட்டு!"

கட்டியது. பிய்ந்தது. மறுபடி கட்டியது. தவிட்டி அலகால் கவ்வித் தொங்கியும் முடிச்சு அசையாத பிறகுதான் குடிவந்து முட்டையிட்டது. இழையை நம்பி இழுப்பதை விட்டிருந்த மற்றப் பெண் குருவிகளும் இதைப் பார்த்துப் பழையபடி இழுக்கத் தொடங்கின. இழை கட்டிய கூடுகளில் சில தாங்கின, சில பிய்ந்தன. இழை இல்லாதவற்றிலும் அப்படித்தான்.

செய்தி கேட்டு ஆந்தை பதறியது. "ஐயோ! என் பொந்துக்குள்ள காத்தே வந்ததில்லையே! அதைப் பத்திக் கேக்கணும்னு எனக்கு எப்படித் தோணும்?"

இரண்டு வாரத்தில் பெருங்காற்று அடித்தது. பனை பேயாட்டம் ஆடியது. பொன்தலையன் ஓலையைப் பற்றிக்கொண்டு, மேல்முடிச்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கூடு சுழன்றது, கிணற்றுக்கு மேலே ஊஞ்சலாடியது. முடிச்சு நழுவவில்லை.

காற்று ஓய்ந்தபோது கூட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரலில் 'கீச்' என்று கேட்டது.

"பொரிஞ்சிடுச்சு!" என்று கத்தியது தவிட்டி. பொன்தலையன் இப்போது தாராளமாக அழுதது.

ஒருவர் எதைக் கற்றார் என்பதைத் தேர்வு சொல்லும். அது தாங்குமா என்பதை, அவர் செய்த வேலையை இழுத்துப் பார்த்துத்தான் அறிய முடியும்.