முதல் பந்தி

என் அம்மா சொர்ணத்தாய் கல்யாணச் சமையல்காரி. அவள் கையில் கரண்டி இருக்கும்வரை பக்கத்தில் யாரும் பசியோடு நிற்க முடியாது. அரிசி மில் முதலாளி பரமானந்தத்துக்கு அது தெரியும். மகள் கல்யாணத்தன்று, அடுப்பு மூட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "ஒரு பருக்கைகூட இந்தப் பந்தலைத் தாண்டி வெளியே போகக் கூடாது."

"போகாது முதலாளி," என்றாள் அம்மா.

பந்தல் போட்டவர்களும் மூட்டை தூக்கியவர்களும் காலையிலிருந்து வெளியே பட்டினியாக நின்றார்கள். அம்மா அவர்களை உள்ளே கூப்பிட்டு, முதல் பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டுவிட்டாள்.

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். "யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"சோறு வெளியே போகலையே முதலாளி. ஆளுங்கதான் உள்ளே வந்திருக்காங்க. இலை முன்னாடி உட்கார்ந்தவங்களை எழுப்ப எனக்குக் கை வராது. நல்ல நாளும் அதுவுமா நீங்களே எழுப்பிவிடுங்க."

அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா வந்துவிட்டார். "பாடுபட்டவங்களுக்கு முதல் பந்தியா? இந்த மனசு யாருக்கு வரும் சம்பந்தி."

முதலாளி நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பரிமாறப் போனார். அம்மா ஒவ்வோர் இலையாக அவர் பின்னாலேயே போனாள்.

"கூச்சப்படுறாங்க முதலாளி. இன்னொரு கரண்டி ஊத்துங்க."