மேயருக்கு வழி விட்ட நகரம்

டிரைவர் இல்லாத கார்கள் மட்டுமே ஓடும் வெள்ளியூரில் ஹாரன் சத்தமே கிடையாது. கார்கள் தமக்குள் பேசி வழி விட்டுக்கொள்ளும். கட்டுப்பாட்டு அறையில் புதிதாகச் சேர்ந்த கயற்கண்ணிக்குத் திரையில் அதைப் பார்க்கப் பார்க்க மெய்சிலிர்க்கும்.

ஒருநாள் மேயர் தாண்டவமூர்த்தி அங்கே வந்து கத்தினார். “மேம்பாலம் திறக்கப் போறேன். என் வண்டி எந்த சிக்னல்லயும் நிக்கக் கூடாது. ஊரே ஒதுங்கணும். இல்லாட்டி உனக்கு வேலை இல்லை!”

“ஆம்புலன்ஸுக்குத்தான் ஐயா ஒதுங்கும். அதுக்கும் உள்ளே நோயாளி இருக்காரான்னு சோதிக்கும். தீயணைப்பு வண்டின்னா தீ எங்கேன்னு கேக்கும். ஏமாத்த முடியாது.”

“சாக்கு சொல்லாதே!”

“சோதிக்காம வழி விடுறது ஒரே ஒரு வண்டிக்குத்தான். அந்தப் பேர்ல பதியட்டுங்களா?”

“எந்தப் பேரா இருந்தா என்ன? பதி!”

மேயர் வண்டி கிளம்பியதும் நகரமே இரண்டாகப் பிளந்தது. ஆயிரமாயிரம் கார்கள் ஓசையின்றி ஓரங்கட்டி விளக்கைத் தாழ்த்தின. சாலையோரத்து ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். மேயரும் பூரித்துப்போய்ப் பதிலுக்குக் கும்பிட்டார்.

மேம்பாலம் வந்தது. வண்டி நிற்கவில்லை. மேயர் போனில் அலறினார்: “ஏம்மா, இது எங்கே போகுது?”

“சவ வண்டியாப் பதிஞ்சிருக்கேன் ஐயா. அதுல யாரும் பொய் சொல்ல மாட்டாங்கன்னு சோதனையே வைக்கலை. கவலைப்படாதீங்க, சுடுகாடு வரைக்கும் எங்கேயும் நிக்காது!”

அந்த ஓட்டையைக் கயற்கண்ணி அன்றைக்கே அடைத்துவிட்டாள். மேயரோ, அதற்குப் பிறகு சிவப்பு விளக்கில் வண்டி நின்றாலே நிம்மதியாக மூச்சு விடுகிறாராம்.