அரசர் பருகும் அதே நீர்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு சிறிய தலைநகரில் தெருவுக்குத் தெரு குழாயில் தண்ணீர் வந்தது. மேற்கே மலையடிவாரத்தில் ஏரி. அதன் மதகிலிருந்து சுடுமண் குழாய்கள் மண்ணுக்கடியில் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, அரண்மனை வாசல், கோயில் வீதி, கடைத்தெரு என்று இறங்கி, கிழக்குக் கோடியில் சாயக்காரத் தெருவில் போய் முடிந்தன. ஒவ்வொரு குழாயடியிலும் கல் யாளி ஒன்று வாய் திறந்து நிற்கும். குடத்தை வைத்தால் நிறையும். கிணற்றில் கயிறு இழுத்தே பழகிய வெளியூர் வணிகர்கள் அந்த யாளிகளை நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் கடை விரிக்கப் போவார்கள்.

இதைக் கட்டியவர் அரசர் கோதண்டவர்மரின் பாட்டனார். பேரனுக்கு அதில் தாளாத பெருமை. ஒருநாள் அண்டை நாட்டுத் தூதர் விருந்து முடிந்து, "அரசே, இந்தத் தண்ணீரைக் குடித்த நாக்குக்கு இனி எங்கள் ஊர் இளநீரும் சப்பென்றுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். மறுநாள் காலை ஊரெங்கும் பறை முழங்கியது: நகரத்து நீரைக் குறை சொல்பவர் யாராயினும் அன்றே எல்லைக்கு வெளியே அனுப்பப்படுவார்.

மதகுக்கும் குழாய்களுக்கும் பொறுப்பானவர் ஏரிவாரியத் தலைவர் பல்லவரையர். அவர் ஒரு படி மேலே போனார். அவருடைய யோசனைப்படி ஒவ்வொரு யாளியின் தலைக்கு மேலும் ஒரு வரி செதுக்கப்பட்டது: 'அரசர் பருகும் அதே நீர்.'

அவையின் விகடகவி கூத்தன் குடியிருந்தது சாயக்காரத் தெருவில். அரண்மனைக்குப் பக்கத்திலேயே வீடு தருவதாக அரசர் சொன்னபோது, "அங்கே யாரும் சண்டை போடுவதில்லை அரசே. என் விகடத்துக்குச் சரக்கு எங்கிருந்து கிடைக்கும்?" என்று மறுத்தவன் அவன். சாயக்காரத் தெருக் குழாயடியில் சரக்குக்குப் பஞ்சமில்லை.

"என்ன கூத்தா, ராசா குடிக்கிற அதே தண்ணியாம். படிச்சியா?" என்று கேட்டாள் துணியைச் சாயத்தில் தோய்க்கும் காத்தாயி, குடத்தை யாளியின் வாய்க்குக் கீழே நகர்த்தியபடி.

"படிச்சேன் அக்கா."

"அப்போ ராசா வயிறு கருங்கல்லுல செஞ்சதாத்தான் இருக்கணும். எம் மருமக இன்னும் பாயை விட்டு எந்திரிக்கல."

"மெதுவாப் பேசு. எல்லைக்கு அந்தப் பக்கம் குழாயே கிடையாது."

குழாயடி சிரித்தது. கூத்தனால் சிரிக்க முடியவில்லை. அவன் மகள் நாச்சியும் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தாள். கண்கள் உள்ளே போய், குரல் தேய்ந்து, அப்பா சொல்லும் வேடிக்கைக்குக்கூடத் தலையைத் திருப்பாமல் இருந்தாள். மனைவி வடிவு தவலையை அடுப்பில் ஏற்றி, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் ஆறவைத்துக் குழந்தைக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் நாச்சிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அவையில் கோமாளித்தனம் செய்பவன்தான் என்றாலும், கூத்தன் எதையும் கிட்டே போய்ப் பார்க்காமல் விடமாட்டான். குழாய் போகும் வழியெல்லாம் நடந்தான். அரண்மனை வாசல் யாளியில் விழுந்த நீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பல்லவரையரின் ஆட்கள் சோதனைக்கு வருவதும் அங்கேதான். வருவதற்கு முன்னால் ஒருவன் கொம்பு ஊதிக்கொண்டு வருவான். உச்சிப்பொழுதுக்கு மேல் தெருக் குழாய்களுக்குப் போகும் மதகை மூடி, நீரை அரண்மனைப் பூந்தோட்டத்து நீரூற்றுக்குத் திருப்பிவிடுவார்கள்; குழாய்களில் மறுநாள் விடியலில்தான் தண்ணீர் வரும். ஒரு பிற்பகலில் கூத்தன் கடைத்தெரு யாளியின் வாயருகே ஒரு வேப்பிலையைப் பிடித்தான். வெளியே துப்ப வேண்டிய யாளி, இலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

குழாய் காலியாகும்போது மூச்சை உள்ளே இழுக்கிறது என்று அவனுக்கு விளங்கியது. காற்றைத் தவிர வேறு எதை இழுக்கிறது? சாயக் கழிவு ஓடும் ஓடைக்கு அடியில் குழாய் கடந்து போகும் இடத்துக்குப் போனான். ஓடை சோம்பலாக நகர்ந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும், ஒரு கிண்ண அகலத்துக்கு, நீலக் கழிவு சுழித்துச் சுழித்து மண்ணுக்குள் இறங்கியது.

அன்று மாலையே பல்லவரையரைப் பார்க்கப் போனான்.

"ஐயா, சாய ஓடைக்கு அடியில் ஒரு குழாய் மூட்டு விட்டுப்போயிருக்கிறது."

"நீர் சரியில்லை என்கிறாயா?"

"மூட்டைப் பற்றி மட்டும்தான் சொன்னேன் ஐயா."

பல்லவரையர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? தோண்டினால் ஏன் தோண்டுகிறாய் என்று அரசர் கேட்பார். பழுது என்று சொன்னால், குறை சொன்னவன் நானாவேன். பாட்டனார் போட்ட குழாய். அப்படியே கிடக்கட்டும். நீயும் வாயை மூடிக்கொள்."

கூத்தன் வாயை மூடிக்கொண்டான். பல்லவரையருக்கு அது போதவில்லை. தெரிந்துகொண்டவன் ஒருவன் ஊருக்குள் நடமாடுவது அவருக்கு முள்ளில் படுத்தது போலிருந்தது. விகடகவிக்கு விழும் கைதட்டலைக் கண்டாலே புழுங்கும் அவைப்புலவர் குழைக்காதரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த அவை கூடியதும் குழைக்காதர் எழுந்தார்.

"அரசே, நாவால் குறை சொல்பவன் ஒரு வகை. அடுப்பால் குறை சொல்பவன் இன்னொரு வகை. தங்கள் விகடகவியின் வீட்டில் நகரத்து நீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். அந்தப் புகை ஊரறிய என்ன சொல்கிறது? இந்த நீரை அப்படியே குடிக்கக் கூடாது என்றுதானே?"

அவையில் முணுமுணுப்பு எழுந்தது. அரசரின் மீசை துடித்தது.

"உண்மையா கூத்தா?"

"உண்மைதான் அரசே. ஆனால் நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை."

"நீர் நல்லதென்றால், அதைக் காய்ச்சி அவமதித்தாய். நீர் கெட்டதென்றால், அதை நீ சொன்னால் ஆணையை மீறுவாய். இரண்டுக்கும் எல்லைதான் வழி." கூத்தன் இல்லாத அவையை நினைத்துப் பார்த்தாரோ என்னவோ, அரசரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நிறைநீர் விழா வரை தவணை தருகிறேன். ஏன் காய்ச்சினாய் என்பது எனக்கு விளங்க வேண்டும். ஆனால் நீரைப் பற்றி ஒரு குறை உன் வாயிலிருந்து வரக்கூடாது. எனக்குக் காட்டும் நீரை நீ கையாலும் தொடக்கூடாது. தொட்டால் நீயே எதையோ கலந்துவிட்டாய் என்பார்கள். முடியாவிட்டால் மூட்டை கட்டு."

"அப்படியே ஆகட்டும் அரசே. விழாவன்று மட்டும் ஒரு சிறு வேண்டுகோள் வைப்பேன்."

"குறை இல்லாத வேண்டுகோளாக இருந்தால் வை."

வீட்டில் வடிவு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புள்ளை இப்பத்தான் எந்திரிச்சு உக்காருது. இதைத் தூக்கிக்கிட்டுக் காட்டுவழியா எங்கங்க போறது?" என்றாள்.

"போக மாட்டோம்."

"அப்படி ராசாகிட்ட என்னதான் சொல்லப் போறீங்க?"

"புகழப் போறேன்" என்றான் கூத்தன்.

ஏரி நிறைந்து மிகுநீர் கலிங்கு வழியே வெளியேறும் நாள் நிறைநீர் விழா. அன்று விடியலில் மதகு திறந்ததும், குழாயில் வரும் முதல் நீரை வெள்ளிக்குடத்தில் பிடித்து அவைக்குக் கொண்டுவருவார்கள். ஏரிவாரியத் தலைவர் முதல் மிடறு குடிப்பார். பிறகு அவைப் பெரியவர்கள். கடைசியில் அரசர். பாட்டனார் வகுத்த முறை இது. குடம் எப்போதும் அரண்மனை வாசல் யாளியில்தான் நிறையும்.

விழாவுக்கு முந்தைய நாள் அவையில் கூத்தன் தரையில் விழுந்து வணங்கி எழுந்தான்.

"அரசே, எங்கள் தெரு யாளிக்கு ஓர் ஏக்கம். அரசர் பருகும் அதே நீர் என்று அதன் தலையில் எழுதியிருக்கிறது. ஆனால் ஒருமுறைகூட அதன் வாயிலிருந்து அரசர் பருகியதில்லை. நாளை வெள்ளிக்குடம் எங்கள் தெருவில் நிறைய வேண்டும். நான் பக்கத்தில்கூட வரமாட்டேன். தங்கள் காவலர்களே பிடித்து, வாயைக் கட்டி முத்திரையிட்டுக் கொண்டுவரட்டும்."

பல்லவரையர் பாய்ந்து எழுந்தார். "அரசே, அது வெகுதூரம். முறைக்கும் ஒத்துவராது."

"முதல் நீர் என்பதுதான் முறை. முதல் யாளி என்று பாட்டனார் சொன்னதாகத் தெரியவில்லையே ஐயா" என்றான் கூத்தன். "ஒருவேளை இங்கே வருவதும் அங்கே வருவதும் வேறு வேறு நீர் என்கிறீர்களா? நான் அப்படிச் சொல்லவே இல்லை."

பல்லவரையர் அரசரைப் பார்த்தார். தன் யோசனையில் செதுக்கிய வரி நினைவுக்கு வந்தது. மெல்ல உட்கார்ந்தார். "அதே நீர்தான் அரசே."

"எனில் தடையென்ன?" என்றார் அரசர்.

"பிடிப்பதற்கு முன் கொஞ்சநேரம் ஓடவிட்டு…"

"முதல் நீர்" என்று கூத்தன் மிகவும் பணிவாக நினைவூட்டினான்.

விழாவன்று மேளதாளத்தோடு குடம் வந்தது. காவலர் முத்திரையை உடைத்து வெள்ளிக் கிண்ணங்களில் ஊற்றினார்கள். வெள்ளியின் பளபளப்பில் நீரின் நிறம் சரியாகத் தெரியவில்லை. முதல் கிண்ணம் பல்லவரையர் முன் வந்தது.

"அரசே, இன்று எனக்கு நீர்கூட அருந்தாத விரதம்."

"காலையில் என் எதிரில் அமர்ந்து அப்பம் தின்றீரே?"

"அதற்குப் பிறகு தொடங்கிய விரதம்."

கிண்ணம் குழைக்காதரிடம் போனது. இந்த நீரை அமுதம் என்று ஒரு பிரபந்தமே பாடியவர் தொண்டையைத் தடவிக்கொண்டு, "குரல் கட்டியிருக்கிறது அரசே, குளிர்ந்தது ஆகாது" என்று கணீரென்ற குரலில் சொன்னார். அடுத்து அரண்மனை வைத்தியர் மாதவ பண்டிதர். அவர் நல்ல மனிதர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "அடியேன் எப்போதும் காய்ச்சிய நீரே அருந்துவது வழக்கம்" என்றார்.

அரசர் திரும்பிக் கூத்தனைப் பார்த்தார். கூத்தன் கூரையை ரசித்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கும் தாகமில்லை போலிருக்கிறது. எனக்கு இருக்கிறது" என்று அரசர் தம் கிண்ணத்தை எடுத்து உதட்டருகே கொண்டுபோனார்.

"வேண்டாம் அரசே!" பல்லவரையர் மேடைக்கு ஓடி அரசரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "குடிக்காதீர்கள். அதில் சாய ஓடை கலந்திருக்கிறது. மூட்டு விட்டுப்போயிருக்கிறது. எனக்குத் தெரியும்."

அரசரின் கையைத் தொட்ட தன் கையையே அவர் அதிர்ச்சியோடு பார்த்தார். அரசர் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். அடியில் லேசான நீலம்.

"இதையா உன் தெருவில் குடிக்கிறார்கள்?"

"தாங்கள் பருகும் அதே நீர் என்று நம்பிக் குடிக்கிறார்கள் அரசே" என்றான் கூத்தன்.

குழைக்காதர் சமயம் பார்த்து எழுந்தார். "அரசே, ஆணைப்படி நீரைக் குறை சொன்னவர் பல்லவரையர்…"

"கொஞ்சம் பொறுங்கள் புலவரே, குரல் கட்டியிருக்கிறதே" என்றான் கூத்தன். பிறகு அரசரைப் பார்த்துக் கைகூப்பினான். "அரசே, இந்த அவையில் நீரைப் பற்றி உண்மை சொன்ன முதல் வாய் பல்லவரையருடையது. அதுவும் தங்கள் உயிருக்காக, தன் ஊரை இழக்கத் துணிந்து. அவரை எல்லைக்கு அனுப்பிவிட்டால் அந்தக் குழாய் மூட்டை யார் அடைப்பது? அனுப்புவதானால் அந்த ஆணையை அனுப்புங்கள்."

அரசர் முதலில் புன்னகைத்தார். பிறகு சிரித்தார். கடைசியில் கிரீடத்தைக் கையால் பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். "என் ஆணையால் என்னையே சாயத்தில் தோய்க்கப் பார்த்தாய்! ஏன் காய்ச்சினாய் என்பது விளங்கிவிட்டது. என்ன வேண்டும், கேள்."

"விழாவுக்கு மட்டுமல்ல அரசே, தினமும் அரண்மனைக் குடங்கள் எங்கள் தெரு யாளியில் நிறைய வேண்டும். முதல் மிடறு தினமும் பல்லவரையர் குடிக்க வேண்டும். கல்லில் எழுதியது அப்போது பொய்யாகாது."

அப்படியே ஆனது. சாய ஓடையைத் திருப்பினார்கள். புது மூட்டுப் போட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். குழாய் ஒருபோதும் காலியாகாதபடி மதகைச் சிறிதளவு திறந்தே வைத்தார்கள். பூந்தோட்டத்து நீரூற்று திருநாட்களில் மட்டும் ஆடியது. தோண்டிய பள்ளத்தில் முழங்கால் சேற்றில் நின்று வேலை பார்த்தவர் பல்லவரையரேதான். பயம் விலகியதும் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று ஊருக்குத் தெரிந்தது. விடியற்காலையில் பட்டு மேலாடையோடு அவர் சாயக்காரத் தெருவுக்கு வருவார். "ஐயா, வரிசைல வாங்க" என்பாள் காத்தாயி. வரிசையில் வந்து, குடித்து, தலையசைப்பார். பிறகுதான் அரண்மனைக் குடம் நிறையும்.

ஒருநாள் அரசர் கூத்தனிடம் கேட்டார்: "இப்போது உன் வீட்டில் காய்ச்சுவதை நிறுத்தியாயிற்றா?"

"இல்லை அரசே."

"ஏன்?"

"கேட்டேன். 'ராசா கொஞ்ச நாள் குடிக்கட்டும். நல்லா இருந்தார்னா பார்ப்போம்' என்கிறாள் வடிவு."

அரசர் சிரித்த சிரிப்பில் அவைக் கூரையிலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. அன்று மாலை கூத்தன் வீட்டு வாசலில் அரண்மனை வண்டி ஒன்று வந்து நின்றது. பொன் மூட்டை எதிர்பார்த்துத் தெருவே கூடியது. தேறி எழுந்த நாச்சிதான் முதலில் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

வண்டி நிறைய விறகு.