ஈரத்துணி சுற்றிய இரண்டு பாட்டில்கள்

புதுச்சேரியில் பொன்னுத்தம்பி முசே ஒயினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். பாரீசில் இருந்துவிட்டு வந்தவர்; அதனால்தான் ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் 'முசே'. மலிவு ஒயின் என்றாலே மூக்கைச் சுளிப்பார்.

அன்று அருளானந்து வீட்டு விருந்துக்கு விலையுயர்ந்த வெள்ளை ஒயின் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அருளானந்து வாங்கி வைத்திருந்ததோ சமையல்காரி செசிலி சொன்ன மலிவு வெள்ளை ஒயின். அருளானந்து அடுப்படிக்கு ஓடிவந்து பல்லைக் கடித்தார். "இன்னைக்கு என் மானம் போச்சுன்னா நாளைக்கு உனக்கு இங்கே வேலை இல்லை."

செசிலி வெயில் காலத்தில் செய்கிற மாதிரி இரண்டு பாட்டிலையும் ஈரத்துணியில் சுற்றிக் குளிரவைத்தாள். காரமான இறால் குழம்போடு, துணியை அவிழ்க்காமலே இரண்டையும் ஊற்றிக் கொடுத்தாள்.

"இதுல உங்களோடது எதுன்னு நீங்கதான் சொல்லணும், முசே."

"இதைக் கேட்கவே வேண்டாம்" என்று பொன்னுத்தம்பி முதல் கோப்பையைக் குடித்தார். முகம் கோணியது. "ஒரே கசப்பு! குப்பை!" இரண்டாவது லேசாக இனித்து, நாக்கின் எரிச்சலை அடக்கியது. "ஆகா, இதுதான் என்னோடது!"

"அப்போ அந்தக் குப்பையை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"தாராளமா!"

செசிலி துணிகளை அவிழ்த்தாள். குப்பை என்று அவர் தள்ளியது அவரே கொண்டுவந்த பாட்டில். விருந்துக்கு வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அருளானந்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பொன்னுத்தம்பி தொண்டையைச் செருமினார். "காரம் நாக்கைக் கெடுத்துடுச்சு. அதை இப்படிக் கொடும்மா."

செசிலி பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"குப்பைன்னு தெரிஞ்சும் விருந்தாளிக்கு ஊத்தறதா? எங்க அருளானந்து முசேவோட மானம் என்ன ஆகுறது!"