மூடுபனிக்குள் ஒரு பலகை

மலைத்தோட்டத்தில் கொழுந்து பறித்த மரியசெல்விக்குப் பள்ளி ஆட்டோ ஓட்டும் வேலை காத்திருந்தது. ஓட்டுநர் உரிமம் இருந்தால்தான் வேலை; அதற்கு முதல் படி பழகுநர் உரிமத் தேர்வு. தேர்வில் கணினி கேட்டதற்கெல்லாம் சரியாகவே பதில் சொன்னாள். கொழுந்து பறிப்பவள் இப்படித் தேறுவது தேர்வு நடத்திய மோட்டார் வாகன ஆய்வாளருக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலைக் காட்டினார். வெளியே உலகமே பாலில் கரைந்ததுபோல் மூடுபனி.

"அங்கே ஒரு பலகை இருக்கு. அதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு. இல்லேன்னா ஃபெயில்!"

மரியசெல்வி சாய்ந்து உட்கார்ந்தாள். "பனியில பாதை தெரியலேன்னா ஓரங்கட்டிக் காத்திருக்கணும் சார். காத்திருக்கேன்."

அறையே அவளோடு காத்திருந்தது. மெல்ல மெல்லப் பனி விலகியது. முதலில் மரங்கள் மிதந்து வந்தன. பிறகு பலகை. அதனடியில் ஆய்வாளரின் ஜீப்.

"இங்கே வண்டி நிறுத்தக் கூடாது, சார்" என்று வாசித்தாள்.

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவியோடு வெளியே ஓடினார்.