எட்டாவது ஆள் வாங்கிய இடம்

இசக்கிமுத்து கேட்க நினைத்த கேள்வி ஒரு வரிதான். அதைக் கேட்க அவனுக்கு மூன்று நாள் ஆனது.

மூன்றாம் நாள் காலையில், கடலில் நீந்திவிட்டு வந்து தலையைத் துவட்டும்போது கேட்டுவிட்டான்.

“மேடம், நான் வாங்கின இடத்துக்கு இன்னொருத்தன் எப்படிப் போக முடியும்?”

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து ஒரு சைக்கிள் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“பூராவும் சொல்லுங்க அண்ணாச்சி. பாதி சொன்னா எனக்குப் பாதிதான் விளங்கும்.”

ஜெசிந்தா அவனைவிட மூன்று வயது இளையவர். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஏழெட்டுப் பேருக்கு டிரையத்லான் பயிற்சி கொடுத்துவந்தார். அவன் அவரை மேடம் என்பான். அவர் அவனை அண்ணாச்சி என்பார். வயது கூடியவன் சிஷ்யனாக இருப்பதில் இருவருக்குமே சங்கடம் இருந்ததில்லை.

டிரையத்லான் என்றால் என்ன என்று தெருவில் யாராவது கேட்டால் இசக்கியின் மனைவி பேச்சியம்மாள்தான் விளக்குவாள். “ஒன்றரை கிலோமீட்டர் நீந்தணும், நாப்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கணும், பத்து கிலோமீட்டர் ஓடணும். நடுவுல உக்காரக் கூடாது.” எதற்காக என்று கேட்டால், “அதை அவுககிட்டதான் கேக்கணும்” என்பாள்.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை பல நாடுகள் கூடும் பெரிய விளையாட்டு விழாவில் இந்தப் போட்டியும் உண்டு. அதில் ஓட வேண்டுமானால் முதலில் நாட்டுக்கு ஓர் இடம் கிடைக்க வேண்டும். இரண்டு வருடம் ஊர் ஊராகப் போய்ப் பந்தயங்களில் புள்ளி சேர்க்க வேண்டும். இசக்கி பதின்மூன்று பந்தயங்கள் போனான். ரயில்வேயில் அவனுக்கு இருந்த விடுப்பெல்லாம் அதிலேயே கரைந்தது. மகள் பிறந்தபோது அவன் வேறொரு நாட்டில், ஒரு ஏரிக்குள் குளிரில் நின்றுகொண்டிருந்தான். கடைசிப் பந்தயத்தில் எட்டாவதாக வந்தான். அந்தப் புள்ளிகளால் நாடு பட்டியலின் கடைசி வரியில் ஒட்டிக்கொண்டது.

பிறகு நாட்டின் டிரையத்லான் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இடம் நாட்டுக்குக் கிடைத்திருக்கிறது, போகும் ஆளைத் தேர்வுப் பந்தயம் வைத்து முடிவு செய்வோம், முதலில் வருபவர் போவார் என்று இருந்தது. இசக்கியின் பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை.

தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்களில் டெல்வினும் இருந்தான். இருபத்து மூன்று வயது. அவனும் இதே கொட்டகையில் பயிற்சி எடுப்பவன்.

“இது வரைக்கும் எனக்குத் தெரியும்,” என்றார் ஜெசிந்தா. “பையில என்ன வச்சிருக்கீங்க?”

இசக்கி ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். இடத்தை வாங்கியவன் என்ற முறையில் தேர்வுப் பந்தயத்திலிருந்து விலக்குக் கொடுத்துத் தன்னையே அனுப்ப வேண்டும் என்று எழுதிய மனு. கீழே பயிற்சியாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கையெழுத்து இருந்தால் சங்கம் இணங்கிவிடும் என்று அவனிடம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஜெசிந்தா வாசித்தார்.

“யாரு எழுதிக் கொடுத்தது?”

“ஆபீஸ்ல வக்கீலுக்குப் படிச்ச ஒரு தம்பி.”

“அதான் மூணு தரம் வாசிக்க வேண்டியிருக்கு.” தாளை மடித்துத் தொடையடியில் வைத்துக்கொண்டார். “எட்டாவதா வந்தீங்களே, அந்தப் பந்தயத்துல சைக்கிள்ல எத்தனை பேர் கூட்டமா வந்தீங்க?”

“ஒன்பது பேர்.”

“நாப்பது கிலோமீட்டர்ல நீங்க முன்னால போனது எவ்வளவு?”

இசக்கி யோசித்தான். சைக்கிளில் கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவன்தான் காற்றைக் கிழிப்பான். பின்னால் ஒண்டிக்கொண்டு வருகிறவனுக்கு மூன்றில் ஒரு பங்கு வேலை மிச்சம். மிச்சப்படுத்திய காலோடு இறங்கி ஓடலாம். விதி அதை அனுமதிக்கிறது.

“ரெண்டு தடவ போனேன். மூணு கிலோமீட்டர் இருக்கும்.”

“மத்த தூரம்?”

“மாத்தி மாத்திப் போனாங்க. ஆனா ஒருத்தன்தான் ரொம்ப நேரம் இழுத்தான். பச்சை உடுப்பு.”

“எந்த நாடு?”

“கவனிக்கல.”

“ஆள் எப்படி இருப்பான்?”

“முதுகுதான் மேடம் தெரியும்.”

“முதுகுல பேர் எழுதியிருக்குமே.”

“எழுதியிருந்துது. வாசிக்கல.”

ஜெசிந்தா செல்போனில் அந்தப் பந்தயத்தின் முடிவுப் பட்டியலைத் திறந்து அவன் கையில் கொடுத்தார்.

“கண்டுபிடிங்க.”

“பேரே தெரியாம எப்படி?”

“ஒன்பது பேருக்கும் சைக்கிள் நேரம் ஒண்ணுபோல இருக்கும். அந்த ஒன்பதுல, இறங்கி ஓடுறப்ப கால் செத்துப் போனவன் யாருன்னு பாருங்க. அவன்தான் இழுத்தவன்.”

இசக்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒன்பது பேரையும் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவன் பத்து கிலோமீட்டரை முப்பத்து மூன்று நிமிடத்தில் ஓடியிருந்தான். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். ஒருவன் மட்டும் நாற்பத்து ஒன்று. இருபத்து ஆறாவதாக வந்திருந்தான்.

“இவன்தான்,” என்றான்.

“அவன் நாட்டுக்கு இடம் கிடைச்சுதா?”

இசக்கி இடம் கிடைத்த நாடுகளின் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் பார்த்தான்.

“இல்ல.”

ஜெசிந்தா தொடையடியில் இருந்த மனுவை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

“எங்க போடணும் கையெழுத்து? இந்தக் கோட்டுக்கு மேலயா, கீழயா?”

அவர் விளையாடவில்லை. போடத் தயாராகத்தான் இருந்தார். இசக்கி பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இருக்கட்டும் மேடம்,” என்றான் கடைசியில். “நாளைக்குப் பார்ப்போம்.”

மறுநாள் அவன் கையெழுத்துக் கேட்டு வரவில்லை. மனு சங்கத்துக்குப் போகவே இல்லை.

தேர்வுப் பந்தயம் வேறு மாநிலத்தில், ஒரு கடற்கரை ஊரில் நடந்தது. மூவரும் ரயிலில் போனார்கள். டெல்வின் மேல் படுக்கையில் இருந்து தலையை நீட்டினான்.

“அண்ணாச்சி, நீங்க அந்த மனுவக் கொடுத்திருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன்.”

“வராம எங்க போவ? உன் காலு சும்மா கிடக்குமா?”

“உண்மையாத்தான் சொல்றேன்.”

“நானும் உண்மையாத்தாம்ல சொல்லுதேன். தலைய உள்ள இழு, டீக்காரன் வாரான்.”

பந்தயத்துக்கு முன்னால் ஜெசிந்தா இருவரையும் சேர்த்து நிறுத்திப் பேசினார்.

“ரெண்டு பேரும் என் ஆளுங்க. அதனால சைக்கிள் பாதையில நின்னு நேரம் மட்டும் சொல்லுவேன். வேற ஒரு வார்த்தை என்கிட்ட எதிர்பார்க்காதீங்க.”

ஏழு பேர் கடலில் இறங்கினார்கள். ராணுவத்தைச் சேர்ந்த இரண்டு பேர் நீச்சலிலேயே முந்திப் போய்விட்டார்கள். இசக்கியும் டெல்வினும் ஒன்றாகக் கரையேறினார்கள். மற்ற மூவர் வெகு பின்னால்.

சைக்கிளில் எட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பாதித் தூரம் எதிர்க்காற்று. திருப்பத்தில் ஜெசிந்தா நின்றிருந்தார்.

“அம்பது!” என்று கத்தினார். முன்னால் போன இருவரும் ஐம்பது விநாடி தூரத்தில் இருந்தார்கள்.

இசக்கியும் டெல்வினும் மாற்றி மாற்றி முன்னால் போனார்கள். டெல்வின் நல்ல ஓட்டக்காரன். சைக்கிளில் அவ்வளவு பலம் கிடையாது. அவன் முன்னால் போன சுற்றில் “அம்பத்தி மூணு!” என்று சத்தம் வந்தது. இசக்கி போன சுற்றில் “நாப்பத்தி ஆறு!”

கணக்கு எளிமையாக இருந்தது. இசக்கி பின்னால் ஒண்டினால் முன்னால் போன இருவரும் கையில் அகப்பட மாட்டார்கள். இடம் அவர்களில் ஒருவனுக்குப் போகும். இசக்கி முன்னால் நின்று இழுத்தால் அவர்களைப் பிடித்துவிடலாம். பிடித்த பிறகு ஓட வேண்டும். ஓட்டத்தில் டெல்வினை அவன் ஒருநாளும் ஜெயித்ததில்லை. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று ஒரு சுற்று முழுக்க யோசித்தான்.

“அண்ணாச்சி, நான் வரட்டா முன்னால?” என்று டெல்வின் கேட்டான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

“வேண்டாம்ல. பின்னாலயே கிட.”

அதை ஏன் சொன்னான் என்று பிற்பாடு இசக்கி பலமுறை யோசித்திருக்கிறான். பெருந்தன்மை என்று சொல்ல அவனுக்கு மனசு வந்ததில்லை. முன்னால் இரண்டு முதுகுகள் தெரிந்தன. அவற்றைப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது. பத்து கிலோமீட்டரில் யாருக்கும் எதுவும் நேரலாம் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

முப்பத்தேழு. இருபத்தெட்டு. பதினாறு. ஏழாவது சுற்றில் இருவரையும் பிடித்தார்கள்.

ஓட்டத்தின் மூன்றாவது கிலோமீட்டரில் இசக்கியின் கால்கள் மரக்கட்டையாகிவிட்டன. டெல்வின் அவனைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்தான்.

“பாக்காதல! ஓடு!” என்று இசக்கி கத்தினான். அது அக்கறையா கோபமா என்று கேட்டவர்களுக்குத் தெரியாது.

டெல்வின் முதலாவதாக வந்தான். ராணுவத்துக்காரர்களில் ஒருவன் இரண்டாவது. இசக்கி மூன்றாவது.

சங்கத்துக்காரர்கள் டெல்வினை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். இசக்கி ஒரு சவுக்கு மரத்தடியில் சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். ஜெசிந்தா வந்து எதிரில் உட்கார்ந்து பெட்டியின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், ஒண்ணு சொல்லுதேன். கோவிச்சுக்கிடாதீங்க.”

“சொல்லுங்க.”

“அன்னைக்கு நீங்க அந்தப் பட்டியலக் காட்டாம கையெழுத்தப் போட்டிருந்தா, இன்னைக்கு நான் போறவன்.”

“ஆமா. போயிருப்பீங்க.”

அவர் மறுப்பார் என்று இசக்கி எதிர்பார்த்திருந்தான். மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

“எனக்கு முப்பத்தி நாலு வயசு. அடுத்த தடவைக்கு முப்பத்தி எட்டு.”

“ஆமா.”

“அப்ப என் கதை முடிஞ்சுது.”

“அங்க போற கதை முடிஞ்சுதுன்னுதான் நினைக்கிறேன்.”

இசக்கி முகத்தைத் துண்டால் துடைத்தான். வியர்வையைத் துடைக்கத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் துடைத்தான். ஜெசிந்தா பெட்டியின் வாரை இறுக்கிக் கொக்கியை மாட்டினார். இரண்டாவது வாரையும் மாட்டினார். அவசரப்படவில்லை.

“அண்ணாச்சி.”

“ம்.”

“டெல்வின் சைக்கிள்ல இன்னும் தேறல. இன்னைக்குப் பார்த்தீங்கல்ல.”

“பார்த்தேன். முன்னால வந்தா தலைய ஆட்டுதான். கியர சரியா மாத்தத் தெரியல.”

“விழா நடக்குற ஊர்ல சைக்கிள் பாதை முழுக்கக் கடல் ஓரமாம். ரெண்டு மாசந்தான் இருக்கு. திங்கக்கிழமை காலையில அஞ்சரைக்குத் திருச்செந்தூர் ரோட்டுக்கு அவனைக் கூட்டிட்டு வரேன்.”

“சரி.”

“அவனுக்கு முன்னால போக ஆள் வேணும்.”

இசக்கி பெட்டியைப் பார்த்தான். பிறகு தூரத்தில், சங்கத்துக்காரர்களுக்கு நடுவே கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும் டெல்வினைப் பார்த்தான்.

“ரெண்டு மாசம்,” என்றான்.

“ரெண்டு மாசம்.”

“தினமும் நான் முன்னால.”

“தினமும்.”

“அப்படிப் போனா எனக்கு என்ன மேடம் கிடைக்கும்?”

ஜெசிந்தா எழுந்து பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை அவன் தூக்குவதற்காகக் காத்திருந்தார்.

“மூஞ்சில காத்தடிக்கும், அண்ணாச்சி.”